எம்.டி.என் வலை ஆவணங்கள்

எம்.டி.என் வலை ஆவணங்கள் என்பது வலைத்தளங்களையும் வலைச் செயலிகளையும் உருவாக்குவோருக்கான கட்டற்ற இணைய ஆவணத் தொகுப்பு ஆகும். எச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எச்.டி.டி.பி நெறிமுறை, உலாவிகள் வழங்கும் நிரலாக்க இடைமுகங்கள் ஆகியவை பற்றிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் ஆங்கிலத்தில் இத்தளத்தில் உள்ளன. இது 2005 ஆம் ஆண்டு மொசில்லா அறக்கட்டளையால் தொடங்கப்பட்டது. மொசில்லாவும், ஓப்பன் வெப் டாக்ஸ் என்னும் அமைப்பும், பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்களும் இணைந்து இதனைப் பேணி வருகின்றனர். இதன் ஆவணங்களைப் படிப்பதற்குக் கட்டணமோ பயனர் கணக்கோ தேவையில்லை.

வலை நிரலாக்கம் கற்பதற்கு இலவச வளங்கள் இணையத்தில் ஏராளமாக உள்ளன. எனினும், இலவசமாகப் படிக்கக் கிடைப்பதும் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதும் ஒன்றல்ல. முன்னதை அதன் உரிமையாளர் விரும்பும் நாளில் மூடிவிடலாம். பின்னதை ஒருவர் கைவிட்டாலும் மற்றொருவர் எடுத்து நடத்தலாம். எம்.டி.என் தளத்தின் வரலாற்றில் இவ்விரு நிலைகளும் நேர்ந்துள்ளன. முதலாவது நிலை 2004 ஆம் ஆண்டிலும், இரண்டாவது நிலை 2020 ஆம் ஆண்டிலும் ஏற்பட்டது.

பெயர்

தொடக்கத்தில் இத்தளம் மொசில்லா டெவலப்பர் சென்டர் எனப் பெயர் பெற்றிருந்தது. பங்களிப்பாளர்கள் இதனைச் சுருக்கமாக டெவ்மோ என்று அழைத்தனர். 2010 ஆம் ஆண்டு மொசில்லா டெவலப்பர் நெட்வொர்க் எனப் பெயர் மாற்றப்பட்டது. எம்.டி.என் என்பது இப்பெயரின் முதலெழுத்துச் சுருக்கம் ஆகும். 2017 ஆம் ஆண்டு, மொசில்லாவின் பயர்பாக்ஸ் உலாவியை மட்டுமன்றி வலைத் தொழில்நுட்பம் முழுவதையும் சார்ந்த தளம் என்பதைக் காட்டும் வகையில், எம்.டி.என் வெப் டாக்ஸ் என்ற இன்றைய பெயர் வைக்கப்பட்டது.

வரலாறு

பின்னணி

ஜாவாஸ்கிரிப்ட் மொழி 1995 ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவரால் உருவாக்கப்பட்டது. அதற்கான கையேடுகளை அந்நிறுவனம் டெவ்எட்ஜ் என்ற தன் தளத்தில் வெளியிட்டது. அக்காலத்தில் நெட்ஸ்கேப் உலாவிக்கும் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவிக்கும் இடையே கடும் போட்டி நிலவியது. இரண்டின் நான்காம் பதிப்புகளும் 1997 ஆம் ஆண்டு வெளிவந்தன. ஒரே பக்கத்தின் கூறுகளை அணுகுவதற்கு அவை வெவ்வேறு வழிகளைக் கொண்டிருந்தன. ஆகவே ஒரே வேலைக்கு இருமுறை நிரல் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் ஆவணமும் அந்நிறுவனத்தின் உலாவியையே விளக்கியது. எல்லா உலாவிகளிலும் இயங்கும் நிரலை எழுத விரும்பியவருக்கு நடுநிலையான கையேடு எதுவும் எளிதில் கிடைக்கவில்லை.

டெவ்எட்ஜ் மூடப்படுதல்

1999 ஆம் ஆண்டு ஏ.ஓ.எல் நிறுவனம் நெட்ஸ்கேப்பை வாங்கியது. 2003 ஆம் ஆண்டு மொசில்லா அறக்கட்டளை தனியாக நிறுவப்பட்டது. 2004 ஆம் ஆண்டு டெவ்எட்ஜ் தளம் மூடப்பட்டது. அதிலிருந்த ஜாவாஸ்கிரிப்ட் கையேடு உள்ளிட்ட ஆவணங்கள் அதுவரை எவரும் இலவசமாகப் படிக்கக் கூடியனவாக இருந்தவை. ஆனால் அவற்றின் பதிப்புரிமை ஏ.ஓ.எல் வசம் இருந்தது. எனவே அனுமதி பெறாமல் அவற்றை வேறிடத்தில் வெளியிட இயலவில்லை. 2005 ஆம் ஆண்டு மொசில்லா அறக்கட்டளை ஏ.ஓ.எல் நிறுவனத்துடன் உடன்பாடு செய்து, அவ்வாவணங்களைப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை பெற்றது. அவற்றை அடித்தளமாகக் கொண்டே புதிய தளம் தொடங்கியது.

விக்கிக் காலம்

புதிய தளம் ஒரு விக்கியாக அமைந்தது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளே முதலில் பயன்படுத்தப்பட்டது. 2008 ஆம் ஆண்டு மைண்டுடச் நிறுவனத்தின் விக்கி மென்பொருளுக்கும், 2012 ஆம் ஆண்டு மொசில்லா தானே எழுதிய கூமா மென்பொருளுக்கும் தளம் மாற்றப்பட்டது. இக்காலம் முழுவதும் கணக்கு வைத்திருந்த எவரும் பக்கங்களைத் திருத்த முடிந்தது.

2012 ஆம் ஆண்டு உலகளாவிய வலைச் சேர்த்தியம், ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட், மொசில்லா முதலியவற்றின் துணையுடன் வெப் பிளாட்பார்ம் டாக்ஸ் என்ற வேறொரு பொது ஆவணத் தளத்தைத் தொடங்கியது. நோக்கம் ஒன்றாக இருந்தபோதும் அம்முயற்சி நீடிக்கவில்லை. 2015 ஆம் ஆண்டு அது நிறுத்தப்பட்டது. 2017 ஆம் ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாப்ட், கூகுள், சாம்சங் ஆகிய நிறுவனங்களும் உலகளாவிய வலைச் சேர்த்தியமும் எம்.டி.என் தளத்தின் ஆலோசனைக் குழுவில் இணைந்தன. மைக்ரோசாப்ட் தன் ஆவணத் தளத்தில் இருந்த ஆயிரக்கணக்கான பக்கங்களை எம்.டி.என் பக்கங்களுக்கு வழிமாற்றியது. போட்டியாளர்கள் தத்தம் கையேடுகளை எழுதிய நிலை மாறி, ஒரே கையேட்டை அனைவரும் சேர்ந்து எழுதும் நிலை இவ்வாறு உருவானது.

2020 ஆம் ஆண்டும் பின்னரும்

2020 ஆம் ஆண்டு ஆகஸ்டில் மொசில்லா நிறுவனம் ஏறத்தாழ 250 பணியாளர்களைக் குறைத்தது. ஆவணங்களை எழுதிவந்த பணியாளர்களும் அவர்களுள் அடங்குவர். தளத்தின் எதிர்காலம் குறித்து வலை உருவாக்குநர்களிடையே கவலை எழுந்தது. ஆயினும், உள்ளடக்கம் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் 2004 ஆம் ஆண்டின் நிலை திரும்பவில்லை. 2020 ஆம் ஆண்டு டிசம்பரில் ஆவணங்கள் முழுவதும் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டு, பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் கோப்புகளாகக் கிட்ஹப் தளத்துக்கு மாற்றப்பட்டன. 2021 ஆம் ஆண்டு சனவரியில் கூகுள், மைக்ரோசாப்ட், இகாலியா, காயில் ஆகிய நிறுவனங்களின் நிதியுதவியுடன் ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இவ்வமைப்பு ஆவண எழுத்தாளர்களுக்கு ஊதியம் வழங்கி, அவர்களைப் பொது ஆவணப் பணியில் ஈடுபடுத்துகிறது. தனிநபர்களும் இதற்கு நன்கொடை அளிக்கின்றனர்.

2022 ஆம் ஆண்டு தளம் மறுவடிவமைக்கப்பட்டது. அதே ஆண்டில் எம்.டி.என் பிளஸ் என்ற கட்டணச் சேவையும் அறிமுகமானது. இது சில கூடுதல் வசதிகளுக்கு மட்டும் உரியது. ஆவணங்கள் தொடர்ந்து இலவசமாகவே வழங்கப்பட்டன.

உள்ளடக்கம்

தளத்தின் உள்ளடக்கத்தை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

உசாத்துணைப் பக்கங்கள்: ஒவ்வோர் எச்.டி.எம்.எல் கூறுக்கும், சி.எஸ்.எஸ் பண்புக்கும், ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. ஒன்றைப் பற்றி ஏற்கனவே அறிந்தவர் அதன் நுணுக்கத்தைச் சரிபார்க்க இவை பயன்படும்.

வழிகாட்டிகள்: ஒரு தலைப்பைப் பல பக்கங்களில் தொடர்ச்சியாக விளக்குபவை. குக்கிகள் எவ்வாறு இயங்குகின்றன, உலாவி ஒரு பக்கத்தை எவ்வாறு வரைகிறது போன்றவை இவ்வகையில் அடங்கும்.

கற்றல் பகுதி: முன்னறிவு இல்லாத மாணவருக்காக எழுதப்பட்டது. எச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் முதலில் வருகின்றன. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய பக்கங்களை அமைக்கும் முறையும் கற்பிக்கப்படுகிறது. வழங்கிப் பக்க நிரலாக்கத்துக்கு, பைத்தான் மொழியின் ஜாங்கோ கட்டமைப்பிலும் நோட் சூழலின் எக்ஸ்பிரஸ் கட்டமைப்பிலும் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. இரண்டு பாடங்களிலும் மாணவர் உருவாக்குவது ஒரே செயலியைத்தான்: நூல்கள், ஆசிரியர்கள், படிகள் ஆகியவற்றின் பட்டியலைக் கொண்ட ஓர் உள்ளூர் நூலகச் செயலி. ஒரே வேலையை இரு கட்டமைப்புகளும் எவ்வாறு செய்கின்றன என்பதை இதனால் ஒப்பிட்டு அறியலாம். 2024 ஆம் ஆண்டு, வேலை தேடும் புதிய உருவாக்குநர் அறிந்திருக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தும் ஒரு பாடத்திட்டமும் வெளியிடப்பட்டது.

பக்கத்தின் அமைப்பு

உசாத்துணைப் பக்கங்கள் பெரும்பாலும் ஒரே வடிவத்தைப் பின்பற்றுகின்றன. சான்றாக, ஜாவாஸ்கிரிப்டில் ஓர் அணியின் ஒவ்வோர் உறுப்பையும் மாற்றிப் புதிய அணியைத் தரும் மேப் என்ற செயற்கூறின் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு சிறு வரையறையும், அங்கேயே இயக்கிப் பார்க்கக்கூடிய ஒரு நிரலும் இருக்கும். பின்னர் தொடரமைப்பு, உள்ளீடுகள், திரும்பும் மதிப்பு, எடுத்துக்காட்டுகள் ஆகியன வரும். இறுதியில் அச்செயற்கூறை வரையறுக்கும் சீர்தர ஆவணத்துக்கான இணைப்பும், உலாவி ஒத்திசைவு அட்டவணையும், பக்கம் கடைசியாக மாற்றப்பட்ட நாளும் இடம்பெறும்.

ஒத்திசைவு அட்டவணை, ஒரு வசதி எந்த உலாவியின் எந்தப் பதிப்பிலிருந்து கிடைக்கிறது என்பதைக் காட்டுகிறது. இவ்வட்டவணைகளுக்கான தரவு தனித் திட்டமாகப் பேணப்படுகிறது. விசுவல் ஸ்டுடியோ கோடு போன்ற பிற கருவிகளும் இதனை எடுத்தாள்கின்றன. அண்மைக் காலத்தில் பல பக்கங்களின் மேற்பகுதியில் பேஸ்லைன் என்ற குறியும் சேர்க்கப்பட்டுள்ளது. குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ், சபாரி ஆகிய முதன்மை உலாவிகள் அனைத்திலும் ஒரு வசதி வந்துவிட்டால் அது புதிதாகக் கிடைப்பது எனக் குறிக்கப்படும். அதன்பின் 30 மாதங்கள் கடந்தால் பரவலாகக் கிடைப்பது எனக் குறிக்கப்படும். பழைய கருவிகளை வைத்திருப்போரும் பயன்படுத்தும் செயலியை எழுதுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

கற்பவர் பயன்படுத்தும் முறை

இணையத்தில் ஒரு நிரலாக்க ஐயத்தைத் தேடும்போது பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பாடங்களும் விடைகளும் கலந்தே கிடைக்கின்றன. அவற்றுள் சில இன்று பயன்படா. சில தீங்கு விளைவிக்கும். தேடுசொல்லுடன் எம்.டி.என் என்பதையும் ஆங்கில எழுத்துகளில் சேர்த்துத் தேடுவது உருவாக்குநர்களிடையே பரவலாக உள்ள வழக்கம் ஆகும். பக்கத்தை அடைந்தபின் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

* பக்கத்தின் தலைப்பில் உள்ள எச்சரிக்கைக் குறி. கைவிடப்பட்டது, சோதனை நிலையில் உள்ளது, சீர்தரத்தில் இல்லாதது என மூன்று வகைக் குறிகள் உள்ளன. அழுத்தப்பட்ட விசையை அறியப் பழைய பாடங்கள் பயன்படுத்தும் கீகோடு என்ற பண்பு கைவிடப்பட்டது எனக் குறிக்கப்பட்டுள்ளது. அதற்கு மாற்றாகப் பயன்படுத்த வேண்டியதும் அங்கேயே கூறப்பட்டுள்ளது.
* ஒத்திசைவு அட்டவணை. தம் பயனர்களிடம் உள்ள உலாவிப் பதிப்புகளுடன் இதனை ஒப்பிட வேண்டும்.
* கடைசியாக மாற்றப்பட்ட நாள்.
* சீர்தர ஆவணத்துக்கான இணைப்பு. இரு விளக்கங்கள் முரண்பட்டால் இறுதி முடிவு சீர்தர ஆவணத்தில் உள்ளதே ஆகும்.

பாதுகாப்புத் தொடர்பான எச்சரிக்கைகள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவை. ஒரு வாசகர் எழுதிய கருத்தைப் பக்கத்தில் காட்ட, இன்னர்எச்.டி.எம்.எல் என்ற பண்பைப் பயன்படுத்துமாறு பல தொடக்கநிலைப் பாடங்கள் கூறுகின்றன. நிரல் பிழையின்றி இயங்கும்; மாணவர் அதனைச் சரியென்றே கருதுவார். ஆனால் அக்கருத்தில், திறக்க முடியாத படத்தைக் குறிக்கும் ஒரு கூறும், படம் திறக்காதபோது இயங்க வேண்டிய நிரலும் எழுதப்பட்டிருந்தால், அந்நிரல் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் உலாவியிலும் இயங்கும். உள்நுழைந்துள்ள பயனரின் பெயரில் செயல்களை நிகழ்த்தவும் அதனால் முடியும். இது குறுக்குத்தள நிரல் தாக்குதல் எனப்படும். எம்.டி.என் பக்கம் இவ்வாபத்தை விளக்கி, வெறும் உரையைக் காட்டுவதற்கு டெக்ஸ்ட்கன்டென்ட் என்ற பண்பைப் பரிந்துரைக்கிறது. அப்பண்பு கொடுக்கப்பட்டதை எழுத்துகளாகவே கருதும், கூறுகளாக மாற்றாது.

வரம்புகள்

எம்.டி.என் உலாவியைச் சார்ந்த தொழில்நுட்பங்களுக்கே முழுமையான ஆவணமாக உள்ளது. வழங்கியில் இயங்கும் மொழிகள், தரவுத்தளங்கள் ஆகியவற்றுக்கு அவற்றின் அதிகாரப்பூர்வக் கையேடுகளை நாட வேண்டும். பி.எச்.பி, ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகியவற்றின் கையேடுகள் அனைத்தும் இலவசமாகக் கிடைக்கின்றன.

அங்கும் காலத்தைக் கவனிக்க வேண்டியுள்ளது. பி.எச்.பி மொழியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை அணுகப் பயன்பட்ட பழைய செயற்கூறுகள் 2013 ஆம் ஆண்டு வெளிவந்த 5.5 ஆம் பதிப்பில் கைவிடப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. 2015 ஆம் ஆண்டு வெளிவந்த 7.0 ஆம் பதிப்பில் அவை முற்றிலும் நீக்கப்பட்டன. இவற்றைக் கற்பிக்கும் பாடங்களுள் பல, பயனர் தரும் உள்ளீட்டை அப்படியே வினவலுடன் ஒட்டும் முறையையும் கற்பித்தன. அம்முறை, தரவுத்தளத்தில் பிறர் தம் ஆணைகளைப் புகுத்த வழிவிடுகிறது. இன்றைய பி.எச்.பி பதிப்புகளில் அப்பாடங்களின் நிரல் இயங்காது.

விமர்சனங்கள்

எம்.டி.என் பக்கங்கள் தொடக்கநிலையினருக்குக் கடினமானவை என்ற கருத்து நீண்ட காலமாக உள்ளது. 1998 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளம் எளிய நடையினால் மாணவர்களிடையே புகழ் பெற்றது. பெயர் ஒத்திருப்பினும் அது உலகளாவிய வலைச் சேர்த்தியத்தைச் சார்ந்ததன்று. 2011 ஆம் ஆண்டு வலை உருவாக்குநர் சிலர் டபிள்யூ3ஃபூல்ஸ் என்ற தளத்தின் மூலம் அதிலிருந்த பிழைகளைச் சுட்டிக்காட்டினர். பின்னர் டபிள்யூ3ஸ்கூல்ஸ் அவற்றுள் பலவற்றைத் திருத்தியது. எம்.டி.என் தளத்தின் கற்றல் பகுதி, எளிய விளக்கத்துக்கான இத்தேவையை நிறைவு செய்யும் நோக்கம் கொண்டது.

2023 ஆம் ஆண்டு, பக்கங்களில் உள்ள நிரல்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு விளக்கும் ஒரு பொத்தான் சேர்க்கப்பட்டது. அது தந்த விளக்கங்களில் பிழைகள் இருந்ததைப் பங்களிப்பாளர்கள் எடுத்துக்காட்டிக் கடுமையாக எதிர்த்தனர். தவறான விளக்கத்தைத் தவறென அறிய இயலாத தொடக்கநிலை மாணவரே அதனை மிகுதியாக நம்புவார் என்பது அவர்களின் முதன்மையான வாதம். அவ்வசதி விரைவில் விலக்கிக்கொள்ளப்பட்டது.

நிதிக்காக உலாவித் துறையில் உள்ள பெருநிறுவனங்களைச் சார்ந்திருப்பதும் ஒரு குறையாகக் கருதத்தக்கது.

உரிமம்

ஆவணங்களின் உரை, படைப்பாக்கப் பொதுமங்கள் குறிப்பிடுதல்-அதே மாதிரி பகிர்தல் உரிமத்தின் 2.5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பின் கீழ் வெளியிடப்படுகிறது. மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிடும் எவரும் உரையைப் படியெடுக்கலாம், மாற்றலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். 2010 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 அன்றும் அதற்குப் பின்னரும் சேர்க்கப்பட்ட எடுத்துக்காட்டு நிரல்கள் பொதுவெளிக்கு அளிக்கப்பட்டவை. அதற்கு முற்பட்டவை எம்.ஐ.டி உரிமத்தில் உள்ளன. எனவே மாணவர் ஒருவர் எடுத்துக்காட்டு நிரலைத் தம் செயலியில் தயக்கமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வுரிமத்தின் பயனாக இதே ஆவணங்களைப் பிற தளங்களும் வழங்குகின்றன. டெவ்டாக்ஸ் என்ற இலவசச் செயலி, எம்.டி.என் ஆவணங்களையும் பல மொழிகள், கட்டமைப்புகள் ஆகியவற்றின் கையேடுகளையும் ஒரே இடத்தில் தேட உதவுகிறது. ஆவணங்களை ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டு இணைய இணைப்பு இல்லாதபோதும் படிக்கலாம்.

பங்களித்தல்

எழுத்துப் பிழை முதல் புதிய பக்கம் வரை எந்த மாற்றத்தையும் எவரும் கிட்ஹப் வழியாக முன்மொழியலாம். அதற்குக் கிட்ஹப் கணக்கு தேவை. முன்மொழிவை மற்றொருவர் சரிபார்த்த பின்னரே அது தளத்தில் சேரும். விக்கியாக இருந்த காலத்தை விட இம்முறை மெதுவானது. ஆனால் பிழைகள் நுழைவது குறைகிறது. திருத்தத் தெரியாதவர்கள் பக்கத்தின் அடியில் உள்ள இணைப்பின் மூலம் பிழையை அறிவிக்கலாம்.

மொழிபெயர்ப்புகளும் தமிழும்

சீனம், பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம், போர்த்துக்கேயம், உருசியம், எசுப்பானியம் உள்ளிட்ட சில மொழிகளில் பக்கங்களின் மொழிபெயர்ப்புகள் பேணப்படுகின்றன. அவற்றின் அளவு மொழிக்கு மொழி வேறுபடும். மொழிபெயர்ப்பு பழையதாக இருக்கக்கூடும் என்பதால் ஆங்கிலப் பக்கத்துடன் ஒப்பிடுவது நல்லது. இம்மொழிகளுள் தமிழ் இல்லை.

எனினும் தமிழில் இவ்வாவணங்களை வெளியிட எம்.டி.என் தளத்தின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மேற்கூறிய உரிமத்தின்படி எவரும் ஒரு பாடத்தை மொழிபெயர்த்துத் தம் தளத்திலோ அச்சு நூலாகவோ வெளியிடலாம். உரிமத்தின் பிந்தைய பதிப்புகளுக்கும் அனுமதி இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு விக்கிப்பீடியா போன்ற கட்டற்ற கலைக்களஞ்சியங்களிலும் இதன் விளக்கங்களைப் பயன்படுத்த முடியும். டெவ்எட்ஜ் தளத்தின் கையேடுகளுக்கு 2004 ஆம் ஆண்டில் இத்தகைய உரிமை எவருக்கும் இருக்கவில்லை.